தையல் விட்ட வயிறு

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம் எனக்குக் குடல்வால் வெடித்து, தொப்புளுக்குக் கீழே நெடுக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று எச்சரித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாவது வாரம் பழவங்காடியில் இருந்த எங்கள் பாத்திரக்கடைக்கு ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பரணில் இருந்த பெரிய வெண்கல உருளியைப் பார்க்க வேண்டுமாம். வேலையாள் சாப்பிடப் போயிருந்தார். வந்தவர்களில் இரண்டு பெண்கள் இருந்தது என் முடிவை மாற்றவில்லை என்று சொன்னால் அது பொய். ஏணியில் ஏறி உருளியை இறக்கினேன். அவர்கள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சின்னதாக வேறொன்று கேட்டார்கள்.

சில மாதங்களில் தழும்பின் மேல் ஒரு புடைப்பு தெரிந்தது. நின்றால் வரும், படுத்தால் போய்விடும். தொப்பை என்று நானே முடிவு கட்டினேன். அதைக் கரைக்கத் தினமும் காலையில் தரையில் மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். புடைப்பு வளர்ந்தது. முயற்சி போதவில்லை என்று எண்ணிக்கையைக் கூட்டினேன்.

"யாருக்காவது தொப்ப எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு எடத்துல மட்டும் வருமா? டாக்டர்ட்ட காட்டுங்க" என்றாள் மனைவி.

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன். ஒரு நாள் தம்பானூரில் பஸ் ஏறும்போது பலமாகத் தும்மினேன். புடைப்பு கல்லாகி, வலியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கியது. என் வீராப்பும் அதோடு அடங்கியது. மறுநாள் மனைவியே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

சர்ஜன் மலையாளிப் பெண். என்னைவிட இளையவர். படுக்கச் சொன்னார். "தல மாத்திரம் ஒண்ணு பொக்கணும் சாரே" என்றார். தலையைத் தூக்கியதும் புடைப்பு எட்டிப் பார்த்தது.

"பழைய ஆபரேஷன் வழியா வந்த ஹெர்னியாவாக்கும். மேல தோல் சேர்ந்தாச்சு, உள்ள மசில் தையல் விட்டுப் போச்சு. அந்த விடவு வழியா குடல் தள்ளுது."

"எக்சர்சைஸ் பண்ணினா சரியாகுமா டாக்டர்?"

"என்ன எக்சர்சைஸ்?"

சொன்னேன். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விடவைப் பெரிசாக்க அதைவிட நல்ல வழி இல்ல. குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே அபகடமாக்கும்."

மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டாம், பக்கவாட்டில் மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றின் வழியே கேமரா விட்டு, உள்ளேயிருந்தே ஒரு வலையை வைத்து அடைத்துவிடலாம் என்றார். மூன்று துளைதானே என்று கடையில் எல்லோரிடமும் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஆபரேஷன் முடிந்த சாயங்காலம் வயிற்றோடு வலது தோளும் குத்தியது. மாரடைப்பு என்றே நினைத்தேன். மனைவியின் கையைப் பிடித்து, கடையை விற்றுவிடாதே என்று கண்கலங்கிச் சொன்னேன். நர்ஸ் ஓடி வந்து நாடி பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சேட்டா. உள்ள காணறதுக்கு வயித்துல கேஸ் நிறைச்சாங்க. அதுதான் தோள்ல வலிக்குது. மெல்ல எழுந்து நடங்க."

நடந்தேன். இரண்டு நாளில் தோள்வலி போய்விட்டது. அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி வீக்கம். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று, கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அழுத்திப் பார்த்தார். இருமச் சொன்னார்.

"குடல் இருந்த எடத்துல நீர் கட்டியிருக்கு. தானே வத்திடும். வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல டாக்டர்" என்றேன். ஒன்றரை மாதத்தில் நீர் வற்றியது.

நான் அன்றைக்குச் சண்டை போடத்தான் போனேன் என்பதை மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.