இடம் மாறிய கொம்பு

காகிதத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழிக்கிறாள் கிளாரிசா. நாக்கில் வைத்து நனைத்து, உள்ளங்கையில் போட்டு, குனிந்து பார்க்கிறாள். அது சுருளும் விதத்தை வைத்துக் காகிதத்தின் இழை எந்த வாக்கில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். இழை தப்பினால் புத்தகம் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புத்தகம் கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற சோதனைதான். ஆனால் இவள் கார் பார்க்கிங் சீட்டையும் மாமாக் சாப்பாட்டுக் கடை பில்லையும்கூட விடுவதில்லை. கேட்டால், "சும்மா லா அக்கா, கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்பாள்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கே நூலகத்தில் எனக்கு வேலை. முதுகு விட்டுப்போன புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை அச்சு, பைண்டிங் லேபுக்குப் போவேன். கிராஃபிக் டிசைன் மாணவர்களுக்கான லேப் அது. எட்டு ஸ்டூல்கள் உண்டு. கடைசி செமஸ்டர் படிக்கிற கிளாரிசா அவற்றில் ஒன்றில்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பசை தடவுவாள். பசை தடவிய புத்தகத்தை இரும்புப் பிரஸ்ஸில் வைத்துத் திருகிவிட்டால் மறுநாள் வரை தொடக்கூடாது என்பது சட்டம். இவள் பத்தே நிமிடத்தில் திருகைத் தளர்த்திவிட்டு, "காஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்பாள். லேப் பொறுப்பாளர் ஜீவன், நல்ல மனிதர், ஒரு பிரஸ்ஸின் மேல் 'கிளாரிசா, டோன்ட் டச்' என்று தாள் ஒட்டியிருக்கிறார். அந்தத் தாளின் ஓரத்தையும் அவள் கிழித்து நனைத்துப் பார்த்துவிட்டாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளின் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைப் படம் பிடித்து ஒரு புத்தகமாக்குவதுதான் அவளுடைய இறுதி வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, தெருத் தெருவாக அலைந்து எடுத்தவை. பூக்கடை, ஜோசியர், தையல்காரர், அப்பளம் விற்கிறவர் என்று அறுபது பலகைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். மலாய்ப் பள்ளியில் படித்த பெண், எழுதப் படிக்க வராது. அதனால் எழுத்துகளுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டாள். ஞகரம் அவளுக்கு மடக்கு நாற்காலி. கொம்பு, நத்தை. "இந்த நத்தையப் பாருங்கக்கா, என்னா அழகு!" என்று போனை நீட்டுவாள். படிக்கத் தெரிந்த நான் அந்தத் தெருவில் எத்தனை வருடமாக நடக்கிறேன், ஒரு பலகையைக்கூட நின்று பார்த்ததில்லை.

சென்ற வியாழக்கிழமை நான்கு மணிக்குள் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அரை ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும். நான் போனபோது மணி பன்னிரண்டு. உள்தாள்களைத் தைத்து முடித்திருந்தாள். கறுப்புத் துணி ஒட்டிய அட்டையில் புத்தகத்தின் தலைப்பு தங்க எழுத்தில் அப்போதுதான் பதிந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஒட்டுவது மட்டும் பாக்கி.

"எப்டிக்கா?" என்று அட்டையை என் முன் நீட்டினாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சத்தமாக வாசித்துவிட்டேன். "பயெர்ப் பலகை."

"பயெரா?"

பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதைத் தாண்டிப் போய் யகரத்தின் முன்னால் நின்றிருந்தது. அவளுடைய லேப்டாப்பில் ஒழுங்காக இருந்ததுதான். லேப் கம்ப்யூட்டரில் தமிழுக்கான செட்டிங் இல்லை, திறந்ததும் கொம்பு நகர்ந்துவிட்டது. அந்தக் கோப்பைத்தான் செலாயாங்கில் ஒரு பட்டறைக்கு அனுப்பி, ஒரு வாரம் காத்திருந்து, தங்க எழுத்து பதிக்கும் உலோக அச்சு வாங்கியிருக்கிறாள்.

"எல்லா லெட்டரும் இருக்குதானேக்கா? நா எண்ணிப் பாத்தேனே" என்றாள். எண்ணிக்கையில் குறையே இல்லை.

ஜீவன் வந்து பார்த்தார். "மூணு எக்ஸாமினருக்கும் தமிழ் தெரியாது லா. ஒட்டி அனுப்பிடு. யாரு பாக்கப் போறா?"

நானும் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"சனிக்கிழமை எக்ஸிபிஷனுக்குக் கடைக்காரங்க எல்லாரையும் கூப்ட்டிருக்கேன், boss. பூக்கடை சந்திரகலா அக்கா கடைய மூடிட்டு வராங்க. அவங்க போர்டுலாம் கரெக்டா இருக்கு. என்னுது மட்டும் தப்பா?" மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இன்னொரு நடை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப வேற துணி தரேன். எழுத்து இல்லாம பிளெய்னா ஒரு அட்டை போட்டுக்கோ. டைம் இருக்கு" என்றார் ஜீவன்.

"பேரே இல்லாம பெயர்ப் பலகையா?"

ஜீவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. நூல் அலமாரியைத் திறந்து மெழுகு தடவிய சிவப்பு நூற்கண்டை எடுத்து வந்தாள். என் கையில் பென்சிலைத் திணித்தாள்.

"எங்க நிக்கணும், எப்டித் திரும்பி நிக்கணும்னு இந்தப் பேப்பர்ல போடுங்கக்கா. நூலால தச்சிடுறேன். தப்பா நிக்கறத அதே நூலால அடிச்சிடுவேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

நான் ஒரு கொம்பு வரைந்தேன். அது கொஞ்சம் கோணல். அவள் அளவுகோல் வைத்து அளந்து, தங்கப் பகரத்துக்கு முன்னால் இருந்த வெறும் கறுப்புத் துணியில் வெள்ளைப் பென்சிலால் பதினொரு புள்ளிகள் வைத்தாள்.

"ஓட்ட போட்டா அப்புறம் அந்த அட்டை அவ்ளோதான்" என்றார் ஜீவன். "நல்லா யோசிச்சிக்கோ லா."

முதல் புள்ளியில் குத்தூசியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி அடித்தாள்.