சங்கிலி நாள்

எங்கள் சாலைக்கு ஊராட்சி வைத்த பெயர் எதுவும் கிடையாது. முகப்பில் என் மாமனார் நட்ட பலகைதான் அடையாளம்: 'தனியார் சாலை. அனுமதி பெற்றுச் செல்லவும்.' திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு பக்கமும் ஆறாறு வீடுகள், எல்லாம் உறவுக்காரர்கள். நான் கல்யாணமாகி வந்த வருஷம் அந்த இடம் முழுக்க வயல். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மாமனார் ஒரே கோடையில் வரப்புகளை வெட்டிச் சமமாக்கி, கப்பி கொட்டி, 'இது வயல் இல்லை, மனை' என்று தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். உழுதுகொண்டிருந்த குத்தகைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அப்புறம் ஆட்சி மாறியபோதெல்லாம் மாமனாருடைய துண்டின் கரையும் மாறியது. பலகை மாறவில்லை.

வாய்க்காலுக்கு அப்பால் கூலிக்காரத் தெரு. அங்கிருந்து பெரிய ரோட்டுக்கும் சுடுகாட்டுக்கும் எங்கள் சாலை வழியாக வந்தால் ஐந்து நிமிஷம். வரப்பைச் சுற்றினால் அரை மணி. எங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்கள் மட்டும் சாலையில் நடக்கலாம். அதுவும் பிற்பாடு உரிமையாகிவிடக் கூடாது என்று ஒரு வக்கீல் யோசனை சொல்லியிருந்தார். அதனால் பொங்கல் கழிந்த மறு வெள்ளிக்கிழமை சாலையின் குறுக்கே சங்கிலி போடுவோம். அன்று நடக்கிற ஒவ்வொருவரும், 'அனுமதி கேட்டுப் போனேன்' என்று நோட்டில் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். நோட்டு எழுதுவது என் வேலை. என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டுகிறவள் வருஷா வருஷம் ரேகை வைப்பாள். சாணிக் கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் விரலை நீட்டுவாள். நான் அந்த விரலைத் தொடாமல், முந்தானை நுனியால் அவள் மணிக்கட்டைப் பிடித்து மையில் ஒற்றுவேன். அதையும் சுத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஓர் ஐப்பசி மழையில், மூன்று நாள் காய்ச்சலில் அவள் செத்துப்போனாள். செய்தி வந்த கையோடு மாமனார் சங்கிலியை இழுத்துப் பூட்டிவிட்டார். பொழுது விடிந்ததும் அவள் புருஷன், ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் சங்கிலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"ஐயா, வரப்பெல்லாம் முழுகிப் போச்சுங்க. இந்த ஒரு தடவை சாலை வழியா எடுத்துட்டுப் போயிடறோங்க."

"போறவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போறதுதானேடா வழக்கம்? பொணத்துகிட்ட ரேகை வாங்க முடியுமா?" என்றார் மாமனார்.

பன்னிரண்டு வீட்டு வாசலும் சிரித்தது. மாடியில் நின்ற நானும் சிரித்தேன். மாமனாருக்குப் பயந்து சிரித்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவளை வாய்க்காலில் இறக்கி, மார்பளவுத் தண்ணீரில் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ கத்தினார்கள். நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு வத்தக்குழம்பு. நன்றாகவே சாப்பிட்டேன்.

மாமனார் போய்ச் சேர்ந்தார். பூப்பல்லக்கில், அவருடைய சாலையில், வெடி வெடித்துக்கொண்டு போனார். பாகம் பிரித்தபோது சாலை கொழுந்தன் பங்குக்குப் போயிற்று. அவர் மகன் அதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். அவர் சங்கிலி இருந்த இடத்தில் இரும்புக் கேட் போட்டு, வாட்ச்மேனையும் உட்கார வைத்தார். ஆட்டோ உள்ளே வரக் கூடாது. நடந்து போகிறவர்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். என் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து இரண்டு வருஷமாகியிருந்தது. வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இரண்டு ஆட்கள் கேட் வரை தூக்கிப் போவார்கள். பின்னாலேயே போய் நான் கையெழுத்துப் போடுவேன்.

அவர் ஏறுகிற ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர வேண்டும், எனக்கு அவ்வளவுதான் தேவை. வழக்குப் போட்டேன். "பல காலமா எல்லாரும் கேட்காம நடந்த பொதுவழின்னு வெளியாள் ஒருத்தர் சாட்சி சொல்லணும். அனுமதி கேட்டதா எழுத்து எதுவும் சிக்கிடக் கூடாதும்மா" என்றார் என் வக்கீல். பரணில் இருந்த நோட்டுகள் அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அந்த வெந்நீரில்தான் அன்று என் கணவரைத் துடைத்துவிட்டேன்.

மறு வாரம், மாட்டுக்கொட்டகையைக் கூட்டியவளுடைய மகளைத் தேடிப் போனேன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாய்க்காலுக்கு அப்பால் மாடி வீடு கட்டியிருந்தாள்.

"வாங்க, உட்காருங்க" என்றாள். அவள் அப்பா வாய்க்கு வாய் சொல்லும் 'அம்மா' அதில் இல்லை. அந்த நிலைமையிலும் அது எனக்குச் சுருக்கென்றது. என் புத்தி அப்படி.

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நாங்க எல்லாரும் தாராளமா நடந்தோம்னு சொல்லணும். அவ்வளவுதானே? பொய்தான். உடம்பு முடியாதவருக்காக, சொல்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணு மட்டும் குடுங்க" என்றாள். "எங்கம்மாவுக்குப் போட்டோ கிடையாது. எங்க வீட்ல அவங்க ஞாபகமா ஒரு துணிகூட இல்ல. ஆனா வருஷா வருஷம் உங்க நோட்டுல ரேகை வெச்சாங்க. நான் பக்கத்துல நின்னிருக்கேன். அதுல ஒரு பக்கம் கிழிச்சுக் குடுங்க. கண்ணாடி போட்டு மாட்டிக்கறேன்."

கரையான் அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"எரிச்சுட்டேம்மா."

"எப்போ?"

"போன வாரம்."

"அம்மா முகம் எனக்கு மறந்தே போச்சுங்க. அன்னிக்கு மாடியில நின்னு நீங்க சிரிச்ச முகம் மட்டும் மறக்கல" என்றாள். குரல் உயரவே இல்லை. எழுந்து, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாட்சி இல்லாமல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆடி மாதம் என் கணவர் போனார். பாடை கேட்டுக்கு வந்ததும் வாட்ச்மேன் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கோச்சுக்காதீங்கம்மா, ஓனர் கேப்பாரு. வெளியே போறவங்க பேரு எழுதணும்" என்று நோட்டை நீட்டினான்.

பெயர் எழுதும் கட்டத்தில் என் கணவர் பெயரை எழுதினேன். பக்கத்தில், அவருக்காக, நான் கையெழுத்துப் போட்டேன்.