அப்பா ஆடாத திருவிழாக்கள்

என் அப்பா மாரிசாமி, இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டியவர். மாரியம்மன் திருவிழாவில் சாமியாடுவதும் அவர்தான். ஆடும்போது சில ஆண்களைப் பெயர் சொல்லி அழைப்பார். மனைவியை அடிப்பவனின் நெற்றியில் திருநீறு பூசி, அடுத்த திருவிழா வரை கை ஓங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். தோட்டத்துத் துரைக்கு அடங்காதவனும் அதற்கு அடங்குவான். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ரெங்கம்மாவின் கணவன் அப்படி ஏழு வருடம் அடங்கியிருந்தான்.

நான் பதுளையில் மருத்துவக் கருவிகள் திருத்துபவன். அளக்க முடியாததை நம்பமாட்டேன். 2019இல் அப்பா ஆடியதை ஃபோனில் படமெடுத்தேன். ஆட்டத்தின் உச்சத்தில், அவிழப்போன வேட்டியை நிதானமாக இழுத்துச் செருகினார். அந்த ஒன்பது விநாடியை மட்டும் வெட்டி, 'சாமிக்கு வேட்டி மேல்தான் கவனம்' என்று எழுதி, தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சனங்களின் கண்ணைத் திறந்துவிட்டதாக நினைத்தேன்.

அப்பா கோபப்படவில்லை. சாமி வருவதில்லை என்று அவருக்கே தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்பா. அவனுங்களுக்குத் தெரியாம இருந்துச்சு."

அது ஏமாற்று என்றேன். மறுக்கவில்லை. அதன்பின் அவர் ஆடவும் இல்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை.

போன மாதம் இறந்துபோனார். பதினாறாம் நாள் ரெங்கம்மா வந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. மலையில் வழுக்கி விழுந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். படம் வந்த வருடமே அவன் மறுபடி தொடங்கிவிட்டானாம். சத்தியத்தை நினைவூட்டினால் வேட்டியைச் சொல்லிச் சிரிப்பானாம். பொலிசுக்கு இரண்டு தடவை போனாளாம். சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்களாம்.

இத்தனை வருடம் அவளை ஏமாற்றியதற்கு அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்று எழுதவே கூசுகிறது.

"அவருக்குச் சாமி வராதுன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும் தம்பி. அந்த வருசம் யாரைக் கூப்பிடணும்னு நாங்கதானே போய்ச் சொல்லிட்டு வருவோம். கொழுந்து எடுக்குற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும்."

தெரியாமல் இருந்தது ஆண்களுக்கு. அவர்களோடு, படித்த எனக்கும்.

தகப்பனுக்குப் பின் மகன் ஆடுவது எங்கள் வழக்கம். அவள் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"வர்ற திருவிழாவுல நீங்க ஆடுறீங்களா தம்பி?"

கேலி இல்லை. நான் ஆடினால் முதலில் சிரிப்பவன் அவள் கணவனாகத்தான் இருப்பான் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமாங்க," என்றாள். நல்ல கையை ஊன்றி எழுந்து லயத்து வீட்டுக்கு இறங்கினாள். அவன் வேலை விட்டு வரும் நேரம் ஆகியிருந்தது.