சாய்ந்தே வந்த தொட்டி

பிச்சையண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. ஊர் மருங்காபுரி. முப்பது வருடமாக அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் கிரைண்டிங் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது.

ஞாயிறு காலையில் ஸ்ரீரங்கம் படித்துறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, வரைந்ததையும் போனில் எடுத்த படங்களையும் காட்டிக்கொள்வோம். குறை சொல்வது என் பொறுப்பு. நான் அமலராணி, பில்டிங் இன்ஜினீயர் ஆபீசில் பிளான் வரைகிறவள். கோடு கோணினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் கொண்டுவருவது எப்போதும் ஒரே இடம். பட்டறை மாடியில் நாலு காலில் நிற்கும் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கரண்ட் கம்பம், கீழே அவர் மனைவி இருளாயியக்காவின் இட்லிக் கடை. நிழல் போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை, அதை மனதாரச் சொன்னேன். தொட்டி மட்டும் எப்போதும் கடைப் பக்கம், அக்கா தலைக்கு மேலே, சாய்ந்தே வரும்.

"கம்பம் நேரா வருதுல்லண்ணே, தொட்டிக்கு மட்டும் என்ன கேடு? ஸ்கேல் வச்சுப் போடுங்க."

போட்டோவிலும் அதே சாய்வு. போனை நேராகப் பிடிக்கச் சொன்னேன். ஏதோ சொல்ல வந்தவர், தலையை மட்டும் ஆட்டினார்.

நாலாம் மாதம் புதுக் கண்ணாடியோடு வந்தார். அவர் வரைந்த படத்தில் தொட்டி நூல் பிடித்ததுபோல நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஆபீசில், அவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்க, அவர் என் போனுக்கு அனுப்பியிருந்த பழைய போட்டோக்களைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தேன். தையில் எடுத்தது, மாசியில், சித்திரையில். எல்லாவற்றிலும் கம்பம் நேராக நின்றது. தொட்டி கொஞ்சம் சாய்ந்து, பிறகு இன்னும் கொஞ்சம். கடைசிப் போட்டோவில் தொட்டியின் ஒரு காலில் சிமென்ட் பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தது. அடிப்பாவி, நீயெல்லாம் பிளான் வரைகிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அவருக்குப் போன் போட்டேன். பட்டறைச் சத்தத்தில் கேட்டிருக்காது, எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். இருளாயியக்கா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்று திமிறினார், விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் கத்தியே கிளப்பினேன். பட்டறையிலிருந்து வெளியே வந்த அண்ணன் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடி, பட்டறை ஆட்களை வெளியே கூட்டிவந்தார்.

மூன்று மணிக்குத் தொட்டி விழுந்தது. இட்லிக் கடை இருந்த இடமே தெரியவில்லை. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தூசி அடங்கியபிறகு, மன்னிப்புக் கேட்க அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை.

"எனக்குச் சாஞ்சுதான் தெரிஞ்சுது மேடம். படிச்சவங்க நீங்க சொல்றீங்களேன்னு, என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன்."