முடிசூட்டுக் காசுகளும் ஒரு பெயர் அட்டையும்

இருபத்திரண்டு வருடமாகப் பழைய ராஜாக்களின் முடிசூட்டு ப்ரூஃப் செட்டுகளைச் சேர்க்கிறேன், என் டீச்சர் சம்பளத்தில். மைசூரில் எங்கள் நாணயச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் செயலாளர் தவறாமல் கேட்பார்: "சார் கலெக்‌ஷனா மேடம்?" சார் என்பது என் கணவர். வீட்டில் அவர் எனக்கு வைத்த பட்டம் "செல்லாக்காசு மகாராணி".

ப்ரூஃப் காசு கடைத்தெருவுக்காக அடித்ததல்ல. மெருகேற்றிய அச்சில், நினைவுக்காக அடித்தது. முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். விரல் பட்டால் ரேகை வெள்ளியிலேயே தங்கிவிடும், துடைத்தால் இன்னும் மோசம். கையுறை போட்டு ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். சேர்க்கத் தொடங்கிய முதல் வாரமே எவருக்கும் தெரிந்துவிடுகிற பாடம் இது.

போன வருடம் சங்கத்தின் கண்காட்சி சரஸ்வதிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என்னிடம் இருப்பதிலேயே நல்ல செட்டை வைக்க நினைத்தேன். பிரிட்டிஷ் ராஜா ஒருவரின் முடிசூட்டுச் செட். சிவப்புத் தோல் பெட்டியில் பதினைந்து காசும் குறையாமல் இருந்தது. ஒரே ஒரு முறை, பெட்டிக்கு முன்னால் வைக்கும் அட்டையில் என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று எனக்குப் பள்ளியில் தேர்வு மேற்பார்வை இருந்ததால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லிக் கணவரை அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கண்காட்சியன்று அட்டையில் அவர் பெயர் இருந்தது.

"என்னங்க இது?"

"உன் பேர் போட்டா என்ன, என் பேர் போட்டா என்ன? வீடு ஒண்ணுதானே. சும்மா சீன் பண்ணாதே, எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்தார்கள்தான். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தார். கணவர் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய வெள்ளிக் காசை வெறுங்கையால் எடுத்தார். கட்டைவிரல் ராஜாவின் முகத்தில் நன்றாக அழுந்தியது. நான் "ஐயோ" என்று கத்தியேவிட்டேன். பக்கத்தில் மூன்று நடுவர்கள் நின்றிருந்தார்கள், மூவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இப்படித் தொடுகிறவர் அதைச் சேர்த்தவராக இருக்க முடியாது என்று அந்த நிமிடமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தாளில் என்னவோ எழுதினார்.

முதல் பரிசு என் கணவருக்குத்தான். மேடையில் அவர் தலையில் ஜரிகை போட்ட மைசூரு பேட்டாத் தலைப்பாகையை வைத்துச் சால்வை போர்த்தினார்கள். "மேடமும் மேலே வரணும்" என்று மைக்கில் அழைத்து, எனக்கு மஞ்சள் குங்குமமும் ரவிக்கைத் துண்டும் கொடுத்தார்கள். சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தப் பத்திரிகைக்காரர் போன் செய்தார். கணவர் கூடத்தில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருட அலைச்சலைக் கன்னடத்தில் தாராளமாக அளந்துகொண்டிருந்தார். திடீரென்று போனைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏய், அதுல குட்டிக் காசு நாலு இருக்கே, அது எதுக்கு? சீக்கிரம் சொல்லு."

தெரியாது என்றிருக்கலாம். போனைப் பிடுங்கி நானே பேசியிருக்கலாம். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை ராஜா ஏழைகளுக்குத் தானம் கொடுக்கிற காசு என்று, எங்கே தப்பாகச் சொல்லிவிடுவாரோ என்ற கவலையில், நிறுத்தி நிதானமாக எடுத்துக்கொடுத்தேன். அவர் அப்படியே ஒப்பித்தார். அவர் மேல் உள்ள கோபம் என்றாவது ஆறிவிடும். அன்று வாயைத் திறந்த என் மேல் உள்ளது ஆறாது.