வலப்பக்கத்துக் கட்டுரை

புத்தூரில் ‘இருகரை’ என்ற மாதப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தவள் தாட்சாயணி. நடத்தியவர் அவள் கணவர் முனிகிருஷ்ணன். ஆந்திர மாநிலம் பிறந்த வருஷம், சித்தூர் ஜில்லா யாருக்கு என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தபோது, பாதி தமிழும் பாதி தெலுங்குமாக அதைத் தொடங்கினார். ஒவ்வொரு கிராமத்தையும் கேட்டுத்தான் எல்லை போட வேண்டும் என்று இடப்பக்கத்தில் எழுதுவார். வலப்பக்கம் எதிராளிக்கு. ஜில்லா முழுக்கச் சென்னை ராஜ்யத்துக்கே சேர வேண்டும் என்று சித்தூர் வக்கீல் கோவர்த்தனன் அங்கே அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். எழுதியவரைக் கேட்காமல் ஓர் எழுத்தைக்கூட முனிகிருஷ்ணன் தொடமாட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் துரோகி என்றார்கள்.

பிழை திருத்தும் நாளில் அவர் உள்ளறையிலிருந்து மூலத்தை உரக்கப் படிப்பார். முன்னறையில் தாட்சாயணி அச்சுத் தாளைச் சரிபார்ப்பாள்.

ஐம்பத்தாறில் விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. கடைசியாக ஓர் இதழ் கொண்டுவந்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தாள். இடப்பக்கத்துக்கு அவருடைய பழைய கட்டுரை இருந்தது. வலப்பக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை.

உச்சி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளறையில் அவர் குரல் கேட்டது. “கோவர்த்தனன் எழுதுவது,” என்று தொடங்கி, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி, நிதானமாகப் படித்தது. எட்டிப் பார்த்தாள். காகிதக் கட்டுகளும் காலி நாற்காலியும்தான். குரல் நிற்கவில்லை. சாவதற்கு முன் அவர் படித்துக் காட்டியது நினைவில் ஓடுகிறது போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கை தானாக எழுத்துப் பெட்டிக்குப் போயிற்று.

இதழ் வெளிவந்த வாரமே கோவர்த்தனன் வந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை.

“இதை யாரும்மா குடுத்தது?”

“நீங்க எழுதினதுதானே சார்?”

“அவர் போனப்பறம் நான் பேனாவே எடுக்கல. புள்ளைக்கு அம்மை போட்டிருந்தப்ப தெலுங்குல வேண்டிக்கினேன்னு இதுல இருக்குது. எங்கம்மா தெலுங்கு. நெஜந்தான். ஆனா வாயத் தொறக்கலம்மா. மனசுக்குள்ளதான் வேண்டிக்கினேன்.”

தாட்சாயணி நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவும் இல்லை, கிளம்பவும் இல்லை. இருவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்ததும் குரல் தொடங்கியது. கோவர்த்தனன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

“உங்க வூட்டுக்காரர் குரல்னு சொன்னீங்களே?”

“ஆமா சார்.”

“இது என் குரலும்மா.”

உள்ளே வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் வேறு எவரிடமும் சொல்லாத இன்னொன்றை அது சொல்லத் தொடங்க, அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

தாட்சாயணி எழுந்து போய் உள்ளறை வாசலில் நின்றாள்.

“எழுதினவங்கள கேக்காம ஒரு எழுத்தும் தொடமாட்டேன்னு சொன்னது நீங்கதானே? இப்ப சாரைக் கேட்டீங்களா? போதும், நிறுத்துங்க.”

பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. அதன்பின் வரவேயில்லை.

அடுத்த இதழின் வலப்பக்கத்தில் தாட்சாயணி கேட்ட மன்னிப்பு மட்டும் வந்தது. அதற்கடுத்த இதழுக்குக் கோவர்த்தனன் அந்த வேண்டுதலைப் பற்றித் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவருடைய கட்சி அவரை வெளியேற்றியது. அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பத்திரிகையை மூடவேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். அறுபதில் திருத்தணிப் பக்கம் சென்னையோடு சேர்ந்தது. சண்டை ஓய, வாசகர்களும் ஓய்ந்தார்கள். ‘இருகரை’ நின்றது. தாட்சாயணி திருப்பதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே கூட வேலை செய்த ரத்தினம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னாள்.

“பயமா இல்லியாக்கா?”

“குரல் வந்தப்ப இல்லடி. துக்கத்துல எங்க ரெண்டு பேருக்கும் காது கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கினேன். நிறுத்துன்னதும் நின்னுச்சு பாரு, அப்பத்தான் பயம் வந்துச்சு. உள்ள யாரோ நான் பேசறத கேட்டுக்கினு இருந்திருக்காங்க.”