மஞ்சள் சட்டை அடியாள்

என் கணவர் சென்னையில் சினிமாச் சண்டைகளில் அடிவாங்கி விழுகிற ஸ்டண்ட்காரர். ஒருமுறை வலது தோளில் கட்டோடு சிறுவாச்சூர் வீட்டுக்கு வந்தார். பஸ் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். நானும் நம்பி, மாதக்கணக்கில் சோறு ஊட்டினேன்.

பிறகு அவர் நடித்த படம் பெரம்பலூர் தியேட்டருக்கு வந்தது. சண்டைப் படங்களையே கிண்டல் செய்யும் சண்டைப் படம் அது. அவர் வர மறுத்ததால் நான் மட்டும் போனேன்.

ஒரு காட்சியில் கதாநாயகன் வாயால் ஊதுகிறான். அடியாட்கள் எல்லாரும் பறக்கிறார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் மட்டும் லாரியின் விளிம்பில் தோள் மோதி விழுந்து, எழ முடியாமல் துடிக்கிறார். அது என் கணவர். அவர் துடித்ததை மெதுவாக ஓட்டித் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தவரிடம் திரும்பினேன்.

"சிரிக்காதீங்க. அது எங்க வூட்டுக்காரரு. நெசமாவே தோள் ஒடஞ்சு போச்சு."

"காமெடிப் படத்துக்கு வந்துட்டு சிரிக்காதன்னா எப்புடிம்மா?" என்றார் அவர், சிரிப்பை அடக்காமலே.

படம் முடியும்வரை இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன்.

"பஸ்ஸுலயா வுழுந்தீங்க?"

"பாத்துட்டியா?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "அந்த எடத்துல ஜனங்க சிரிச்சாங்களா?" என்றார்.

"சிரிச்சாங்க."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. என்னிடம் பொய் சொன்னதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த நிம்மதியை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.